ஓர்மை தவறும் பெற்றோரும் நம் கடமையும்

"எங்கள் உம்மா அஸர் தொழுதுவிட்டு முஸல்லாவை மடித்து வைக்கிறார்கள். கால் மணி நேரம் சென்றதும், 'அஸருக்கு நேரமாயிற்றே, நான் இன்னும் தொழவில்லையே' என்று மறுபடியும் ஒளுச் செய்ய எழுந்து போகிறார்கள். சில நாட்களில் மூன்று தடவையும் தொழுது விடுகிறார்கள். தடுத்தால் அழுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?"

இக்கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் உள்ள குடும்பங்கள் பலவற்றில் இன்று இதே கவலைதான். உடல் நலமாக இருக்கும். ஓர்மை மட்டும் தவறும். ஐம்பது வருடங்களுக்கு முன் நடந்த கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்தச் சட்டியில் நெய்ச்சோறு ஆக்கினார்கள் என்பதெல்லாம் நினைவில் நிற்கும். காலையில் பசியாறியது நினைவில் இராது.

இந்நிலையை அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் நமக்கு முன்னரே அறிவித்திருக்கின்றான். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70-ஆம் வசனத்திலும், அல்ஹஜ்ஜு அத்தியாயத்தின் 5-ஆம் வசனத்திலும், மனிதரில் சிலர் அறிந்திருந்தவற்றையும் அறியாதவராகி விடும் தளர்ந்த வயதுக்குத் திருப்பப்படுவது கூறப்படுகிறது. கருவில் உருவாவதிலிருந்து தொடங்கி மனிதனின் பருவங்களைச் சொல்லி வரும் இடத்திலேயே இதுவும் வருகிறது. அந்தத் தள்ளாத வயதை விட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியிருப்பதை ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கின்றார்கள். ஆகவே ஓர்மை தவறியவரைப் பார்த்து, 'செய்த பாவம்' என்றோ, 'ஏதோ காற்று கருப்பு பட்டிருக்கிறது' என்றோ பேசுவது நமக்குத் தகாது.

முதலில் வைத்தியம்

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நல்லவையே. ஆனால் அவற்றோடு நிறுத்திக் கொண்டு, 'வயதானால் அப்படித்தான்' என்று வைத்தியரிடம் காட்டாமல் இருந்து விடுவது நம்மவர்களிடம் அதிகம் காணப்படும் தவறு. மறதி எல்லாம் ஒரே மறதி அல்ல. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். பி-12 என்னும் வைட்டமின் குறைந்தாலும் வரும். சர்க்கரைக்காக மெட்பார்மின் மாத்திரையைப் பல வருடங்கள் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த பி-12 குறைவதுண்டு. தூக்க மாத்திரையும் சிலருடைய நினைவைக் குழப்பி விடும். காது மந்தமானவரிடம் நாம் சொன்னது விழாமல் போவதை மறதி என்று தவறாக எண்ணி விடுவோரும் உளர். இவையெல்லாம் கவனித்தால் சரியாகவோ குறையவோ கூடியவை.

நேற்று வரை நன்றாயிருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று ஆளை மறந்து உளறத் தொடங்கினால் அது முதுமை மறதியன்று. சிறுநீரில் நோய்க்கிருமி தொற்றியிருக்கலாம், இரத்தத்தில் உப்பு குறைந்திருக்கலாம், சில நாட்களுக்கு முன் விழுந்தபோது தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும் மறதியே வேறு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்ஸைமர் நோய். ஜெர்மனியைச் சேர்ந்த அல்ஸைமர் என்ற மருத்துவர் 1906-ஆம் ஆண்டில் இதனை எடுத்துக் கூறியதால் அவர் பெயரே நோய்க்கும் வந்தது. மூளையின் இரு பக்கத்திலும் உட்புறமாக உள்ள ஒரு சிறு பகுதியே அன்றாடம் காண்பதையும் கேட்பதையும் நினைவாகப் பதிய வைக்கிறது. இந்நோய் பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான் முதலில் தாக்குகிறது. ஆகவே புதியது பதிவதில்லை. முன்பே பதிந்து ஊறியது நெடுநாள் இருக்கிறது.

அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு 1953-ஆம் ஆண்டில் வலிப்பு நோய்க்காகச் செய்த அறுவையில் மூளையின் இந்தப் பகுதி இரு புறமும் எடுக்கப்பட்டு விட்டது. அதன்பின் 2008-ல் அவர் இறக்கும் வரை, சற்று முன் பேசியவரையும் அவருக்கு நினைவிருக்காது. ஆனால் கண்ணாடியில் பார்த்து ஒரு படத்தின் கோட்டைப் பின்பற்றி வரையும் பயிற்சியைக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்து வந்தது. 'இதை நான் செய்ததே இல்லை' என்று ஒவ்வொரு நாளும் அவர் சொல்வார். கையோ அதைக் கற்றிருந்தது. கை கற்பது வேறு, மனம் நினைவு கூர்வது வேறு என்பதை உலகம் அவரிடமிருந்து அறிந்து கொண்டது.

நாம் இதை எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. மகனின் பெயரைத் தடுமாறும் உம்மா, பைப்பைத் திறந்து விட்டால் முகம், கை, தலை, கால் என்று வரிசை பிசகாமல் ஒளுச் செய்து விடுகிறார்கள். சிறு வயதில் ஓதல் பள்ளியில் லெப்பையிடம் ஓதிய சூராக்கள் நாவில் தடையின்றி வருகின்றன. 'நடிக்கிறாள்' என்று இதைப் பார்த்துச் சிலர் சொல்லி விடுகிறார்கள். அது நடிப்பன்று. எழுபது வருடப் பழக்கம் கையிலும் நாவிலும் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு முன் நடந்தது எங்கும் பதியவில்லை.

தொழுகையில் வரும் ஐயம்

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். தூங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, அறிவு நீங்கியவர் அறிவு பெறும் வரை ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டு விட்டதாக ஹதீஸில் வந்திருக்கிறது. நன்மை தீமை, தொழுகை இன்னது, நேரம் இன்னது என்று எதையும் பகுத்தறிய இயலாதபடி அறிவே நீங்கி விட்டவருக்குத் தொழுகையும் கடமையன்று. அதற்குக் களாவும் இல்லை. ஆனால் 'மறதி வந்து விட்டது' என்ற உடனேயே இந்தச் சட்டத்தைப் பொருத்தி விடலாகாது. தொழுகை என்றால் என்னவென்று அறிந்து, தொழ வேண்டும் என்று துடித்து, தொழுதோமா என்பதை மட்டும் மறப்பவர் அறிவு நீங்கியவர் அல்லர். இவருக்குக் கடமை உண்டு. மறந்ததற்குக் குற்றம் இல்லை.

நாம் முதலில் எடுத்துக் காட்டிய உம்மா செய்வதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு, நேரம் இன்னும் இருக்கும்போதே, தொழுதோமா இல்லையா என்று ஐயம் வந்தால் தொழத்தான் வேண்டும் என்று ஷாபிஈ, ஹனபி ஆகிய இரு மத்ஹபுகளின் நூல்களும் சொல்கின்றன. சிறு வயதில் கற்ற சட்டப்படி உம்மா சரியாகவே நடக்கிறார்கள்! நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வேற்றுமை. ஆகவே இங்கே நம் வேலை அவர்களைத் தடுப்பதன்று. ஐயம் எழாதபடி செய்வது.

எப்படிச் செய்வது? சில வீடுகளில் கண்டதைச் சொல்கிறோம். உம்மாவின் கண் படும் இடத்தில் ஒரு சிலேட்டைத் தொங்க விட்டு, ஐந்து நேரத்தின் பெயரையும் பெரிதாக எழுதி, தொழுது ஸலாம் கொடுத்ததும் அவர்கள் கையாலேயே அதில் கோடு இழுக்கச் செய்யலாம். பிறர் போட்ட குறியை நம்பாதவர்கள் தம் கைக்குறியை நம்பி விடுகிறார்கள். அறபுத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த மூதாட்டிகளுக்கு அந்த எழுத்திலேயே எழுதி வைப்பது நல்லது. அப்படியும் மனம் ஆறாமல் தொழ எழுந்தால் விட்டு விட வேண்டியதுதான். இரண்டாம் முறை தொழுவதால் பாவம் ஏதும் வந்து விடாது. அதை விலக்கப் போய் வாய்ச் சண்டையாக்கி அவர்களை அழ வைப்பதே நமக்குப் பாவமாக முடியும்.

ரக்அத்தின் எண்ணிக்கையில் ஐயம் வருவது இன்னும் அதிகம். மூன்றா நான்கா என்று தோன்றினால் ஐயத்தை விட்டு உறுதியானதைக் கொண்டு தொழுகையை முடித்து, இரண்டு ஸஜ்தாக்கள் செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருப்பது ஸஹீஹு முஸ்லிமில் உள்ளது. ஷாபிஈ மத்ஹபில் குறைந்த எண்ணிக்கையே உறுதி; ஸஜ்தா ஸலாமுக்கு முன்னால். ஹனபியில், அடிக்கடி ஐயம் வருகிறவர் தம் மனம் எதன் பக்கம் அதிகம் சாய்கிறதோ அதன்படி செய்வார். எதிலும் சாயாவிட்டால் குறைந்ததை எடுத்துக் கொள்வார். ஸஜ்தா ஒரு ஸலாமுக்குப் பின்னால்.

ஆனால் கணக்கே நிற்காத மனத்துக்கு இந்தச் சட்டத்தை யார் நினைவூட்டுவது? அதற்கு மிக எளிய வழி ஜமாஅத்துத்தான். பேரப்பிள்ளை முன்னால் நின்று தொழ வைக்க, உம்மும்மா பின்னால் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ தொழட்டும். இமாமைப் பின்பற்றுகிறவருக்கு ரக்அத்தை எண்ணும் வேலை இல்லை. பின்பற்றும்போது நேரும் மறதிக்கு ஸஜ்தா ஸஹ்வும் இல்லை. ஷாபிஈ வீடுகளில், பகுத்தறியும் வயதை அடைந்த சிறுவனும் இமாமாக நிற்கலாம். ஹனபியில் பர்ளுத் தொழுகைக்குப் பருவமடைந்தவரே நிற்க வேண்டும். நோயாளி ஒருவர் ரக்அத்தையும் ஸஜ்தாவையும் எண்ண இயலாமல் போனால், பக்கத்தில் ஒருவர் சொல்லிக் கொடுக்க அவர் தொழுவது போதுமானதாகும் என்று ஹனபி நூலாகிய துர்ருல் முக்தாரில் எழுதப்பட்டிருப்பதையும் ஹனபி வீட்டார் அறிந்து வைப்பது நலம். பள்ளிக்குப் போன ஆண்கள் திரும்பி வந்து வீட்டில் மறுபடி ஒரு ஜமாஅத்தா என்று சிலர் சலித்துக் கொள்வர். ஒரு நேரமாவது செய்து பார்க்கட்டும். அந்த முதியவர் முகத்தில் தோன்றும் நிம்மதியை அவர்களே காண்பார்கள்.

மறதியால் மனம் உடைகிற பெரியவருக்கு ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். நாயகம் (ஸல்) அவர்களே ஒருமுறை நான்கு ரக்அத்துத் தொழுகையில் இரண்டில் ஸலாம் கொடுத்து விட்டார்கள். துல்யதைன் (ரலி) என்ற தோழர் எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டதா, தாங்கள் மறந்தீர்களா என்று கேட்டார். மற்றவர்களிடம் விசாரித்து, விடுபட்டதைத் தொழுது, ஸஜ்தாவும் செய்தார்கள். தாமும் மனிதரே என்றும், மற்றவர்களைப் போலத் தாமும் மறப்பதுண்டு என்றும், மறந்தால் நினைவூட்டும்படியும் வேறொரு சமயம் அவர்கள் கூறியிருக்கின்றார்கள். இரண்டு செய்திகளும் புகாரியில் உள்ளவை.

இல்லாதவரைத் தேடும்போது

தென்கடலோர ஊர் ஒன்றில் நாம் அறிந்த ஒரு வீடு. அந்த உம்மாவின் கணவர் மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. நாள்தோறும் மஃரிபு பாங்கு கேட்டதும் அவர்கள் முன்வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

"உங்க வாப்பா இன்னும் பள்ளியிலேர்ந்து வரலையா?"

மகள் தொடக்கத்தில் உண்மையைச் சொல்லி வந்தார். "என்னம்மா இது, வாப்பா மவுத்தாகித்தான் ஆறு வருஷம் ஆச்சே!" உம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, 'இன்னா லில்லாஹி' சொல்லி, அப்போதுதான் சேதி வந்ததுபோல் அழுவார்கள். அவர்களுக்கு அது அப்போது வந்த சேதியேதான். இஷாவுக்குள் அழுதது மறந்து போகும். மறுநாள் மஃரிபில் மீண்டும் அதே வாசல், அதே கேள்வி, அதே மவுத்து. இரண்டு மாதம் இப்படி நடந்த பின், 'நான் பொய் சொல்லலாமா? உண்மையைச் சொல்லி உம்மாவை நாள்தோறும் கொல்கிறேனே' என்று அந்தப் பெண்மணி கேட்டனுப்பினார்.

பொய் சொல்வது பொதுவில் ஹராம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் உண்மையை ஒவ்வொரு முறையும் முழுவதும் எடுத்துக் கொட்டித்தான் ஆக வேண்டும் என்று மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் 'தஃரீள்' என்று ஒன்று உண்டு. சொல்வது உண்மையாகவே இருக்கும். கேட்பவர் தமக்கு ஆறுதலான பொருளை எடுத்துக் கொள்வார். நியாயமான தேவை இருக்கும்போது இது ஆகும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கின்றார்கள்.

இதற்கு உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். நோயுற்றிருந்த மகன், தந்தை அபூதல்ஹா (ரலி) வெளியே சென்றிருந்தபோது இறந்து விட்டான். களைத்து வந்த கணவர், 'பிள்ளை எப்படி இருக்கிறான்?' என்று கேட்டார். முன்னைவிட அமைதியாக இருக்கிறான் என்ற கருத்தில் விடை சொல்லி, உணவு படைத்து, பிறகே நடந்ததைத் தெரிவித்தார்கள். இதனைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்காமல், அத்தம்பதிகளின் அந்த இரவுக்குப் பரக்கத்து வேண்டி துஆச் செய்தார்கள். உம்மு ஸுலைம் அவர்கள் பின்னர் சொல்லி விட்டார்களே, இந்த மகள் சொல்லவில்லையே என்று கேட்கத் தோன்றும். இந்த மகளும் சொல்லியிருக்கிறார். அதுவும் பல முறை. வாப்பா இறந்த அன்றும் உம்மா அறிந்து அழுதிருக்கிறார்கள். கணவரின் மவுத்தை அறிந்து கொள்ளும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்படவில்லை. நாள்தோறும் அதைப் புதுப்பிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

அந்த மகள் இப்போது இப்படிச் சொல்கிறார்: "வாப்பா அல்லாஹ்ட பாதுகாப்பிலே இருக்காங்கம்மா. வாங்க, வாப்பாவுக்கு ஒரு யாஸீன் ஓதுவோம்." உம்மாவுக்கு யாஸீன் மனப்பாடம். ஓதி முடிப்பதற்குள் வாசலும் கேள்வியும் மறந்து விடுகின்றன. சில நாட்களில், "வாப்பாவை ரொம்பத் தேடுதாம்மா? வாப்பா உங்களுக்கு முதல்லே வாங்கித் தந்த சேலை என்ன நிறம்?" என்று கேட்டால் போதும், பழைய கதை ஒரு மணி நேரம் ஓடும். இதில் எங்கும் பொய் இல்லை.

அப்படியும் விடாமல், "உண்மையைச் சொல்லு, அவங்க மவுத்தாயிட்டாங்களா?" என்று நேருக்கு நேர் கேட்டால்? அப்போது கையைப் பிடித்துக் கொண்டு உள்ளதைச் சொல்லி விடுவதே முறை என்பது நம் கருத்து. அந்தக் கேள்வியைக் கேட்கும் தெளிவு வந்தவருக்கு விடையைத் தாங்கும் தெளிவையும் அல்லாஹ் அப்போது தருகிறான் என்பதைக் கண்டிருக்கிறோம்.

பெற்றோரிடம் 'சீ' என்ற அளவுக்கும் சொல்லலாகாது என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ஆம் வசனத்தில் வருவதை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். இப்படிப்பட்ட வீடுகளில் அந்த 'சீ' வேறு உருவில் வெளிப்படும். 'இப்பத்தானே சொன்னேன்' என்பது ஒன்று. 'எத்தனை தரம் சொல்றது' என்பது இன்னொன்று. பத்தாம் முறை கேட்பவருக்கு அது முதல் முறை. சுருக்கமாக, அதே குரலில் விடை சொல்லி விட்டால் நேரமும் மிச்சம்.

வளையலைக் காணோம், இவள்தான் எடுத்தாள் என்று மருமகள் மேல் பழி சுமத்துவதும் இந்நோயில் அடிக்கடி நேருவது. வைத்த இடம் நினைவில்லை, பொருளைக் காணோம், பக்கத்தில் இருப்பவர் யார்? மருமகள். அந்த மனம் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. 'நான் எடுக்கவில்லை' என்று வாதாடாமல், 'வாங்க மாமி, தேடுவோம்' என்று கூடவே தேடினால் பாதிச் சண்டை தீரும். ஆனால் மகன்மாருக்கு ஒரு வார்த்தை. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகள் மீது கடமை. மாமியாருக்கு மருமகள் செய்யும் பணிவிடை அவளுடைய நற்குணம். மார்க்கம் அதை அவள் மீது பர்ளாக்கவில்லை. மாதம் ஒருமுறை துபாயிலிருந்தோ ரியாத்திலிருந்தோ பேசி, 'உம்மாவை நல்லாப் பாத்துக்க' என்று சொல்வதோடு தன் பங்கு முடிந்தது என்று இருப்பவர், பழியையும் தூக்கமின்மையையும் சுமக்கும் அந்தப் பெண்ணுக்குத் துணையாகச் சம்பளத்துக்கு ஓர் ஆளையாவது வைத்துத் தர வேண்டும்.

நோன்பும் மருந்தும்

நோன்பாளி மறந்து உண்டு விட்டாலோ குடித்து விட்டாலோ நோன்பு முறியாது. அல்லாஹ்வே அவருக்கு உணவளித்தான் என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது. ஆகவே நோன்பு நோற்ற பெரியவர் குடத்துத் தண்ணீரைக் குடித்து விட்டால் கூச்சல் வேண்டாம். தளர்ந்த முதியவர் மறந்து உண்பதைக் கண்டால் நினைவூட்டாமல் விடுவதே நல்லது என்று ஹனபி நூல்களில் உள்ளது.

மருந்து உண்பவருக்கு நோன்பு ஆகுமா என்பதை ரமலானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்டதை மறந்து இன்னொரு முறை சாப்பிட்டு விட்டு நோன்பும் இருந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரைப் பெட்டி அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஒருவரே எடுத்துக் கொடுக்கட்டும். முதுமையால் இனி நோற்கவே இயலாது, ஆனால் அறிவு இருக்கிறது என்ற நிலையில் நாளொன்றுக்கு ஒரு பித்யா. ஷாபிஈயில் ஒரு முத்து அரிசி. முக்கால் கிலோவாகக் கொடுத்தால் பேணுதல். ஹனபியில் பித்ராவின் அளவு. அறிவே முழுவதும் நீங்கியவருக்கு நோன்பும் இல்லை, பித்யாவும் இல்லை.

அடுப்பு காஸை இரவில் சிலிண்டரிலேயே மூடி விடுவது, ஒளுச் செய்யும் இடத்தில் வழுக்காத விரிப்புப் போடுவது, கழிப்பறைக்குப் போகும் வழியில் விடிய விடிய ஒரு சிறு விளக்கு, சட்டைப் பையிலோ தாவணி முடிச்சிலோ வீட்டு டெலிபோன் நம்பர் எழுதிய சீட்டு ஆகியவை எல்லா வீட்டாரும் செய்யக் கூடியவை.

கைநாட்டு

கடைசியாக, கேட்கக் கசப்பான ஒன்று. உம்மாவுக்கு ஓர்மை தவறத் தொடங்கியதும் சில வீடுகளில் முதலில் வருவது வைத்தியர் அல்லர், பத்திரம் எழுதுகிறவர். 'உம்மா, இதிலே ஒரு கைநாட்டு வைங்க' என்று பாசத்தோடு கேட்டால் அவர்கள் வைத்து விடுவார்கள். தாம் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் ஒருவர் செய்யும் விற்பனையும், ஹிபாவும், வஸிய்யத்தும் மார்க்கத்தில் செல்லாது. சப்-ரிஜிஸ்திரார் ஆபீசு முத்திரை விழுந்து விட்டதால் அது ஹலாலாகி விடாது. மற்ற வாரிசுகளின் பங்கு எடுத்தவர் வயிற்றில் நெருப்பாகவே இருக்கும். நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்து கொள்ளும் தெளிவு இருக்க வேண்டும். விட்டு விட்டுத் தெளிவு வருகிறவர் அந்தத் தெளிந்த நேரத்தில் மட்டுமே செய்யலாம்.

ஆகவே மறதி தொடங்கும்போதே, இன்னும் தெளிவு இருக்கையிலேயே, எல்லாப் பிள்ளைகளையும் பெண்மக்கள் உட்பட ஒன்றாக உட்கார வைத்து, பெரியவர் வாயாலேயே கடன் எவ்வளவு, அமானிதம் யாருடையது, களாவான நோன்பு எத்தனை என்று கேட்டு எழுதி, ஜமாஅத்தைச் சேர்ந்த இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு வைத்துக் கொள்ள வேண்டும். வஸிய்யத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகலாகாது. வாரிசுக்கு வஸிய்யத்து என்றால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அறிவு முழுவதும் நீங்கிய பின் அவர்களுடைய நகைக்கும் பணத்துக்கும் ஸக்காத்து உண்டா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாபிஈ மத்ஹபில் பொறுப்பாளர் அவர்கள் பொருளிலிருந்தே ஸக்காத்தைக் கொடுத்து வர வேண்டும். ஹனபியில் அதன் மீது ஸக்காத்து இல்லை. விளைச்சலுக்குரிய உஷ்ரும், பெருநாள் பித்ராவும் மட்டும் உண்டு. எந்த மத்ஹபாயினும், அவர்கள் பணத்திலிருந்து அவர்களுக்காகச் செலவிடுவதற்குத் தனியாக ஒரு நோட்டில் கணக்கு வைத்து, மாதம் ஒருமுறை உடன்பிறந்தார் எல்லோருக்கும் காட்டி விடுவது பொறுப்பாளருக்கு நல்லது.